யோசனைக்குப் பஞ்சமா, பதிலுக்குப் பஞ்சமா? வேலையிடத்தில் ஆட்களை யோசிக்க விடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருஷத்துக்கு மேல் வாகன உதிரிபாகம் செய்யும் மெஷின் ஷாப்புகளில் காலம் தள்ளியவன் நான். இப்போது கோவை, ஓசூர் பக்கம் சிறு ஆலைகளுக்குப் போய் சூப்பர்வைசர்களோடும் முதலாளிகளோடும் உட்கார்ந்து பேசுவதே வேலையாகிவிட்டது. எங்கே போனாலும் வரும் கேள்விகளைக் கீழே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட தொனியிலேயே விட்டிருக்கிறேன்.

எங்க ஆளுங்க சொன்னதைச் செய்வாங்க சார், அவ்வளவுதான். சொந்தமா யோசிக்கவே மாட்டாங்க. என்ன பண்றது?

யோசிக்காமல் இல்லை, உங்களிடம் சொல்வதில்லை. ஷிப்ட் விட்டதும் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எந்த மெஷினில் இன்சர்ட் (வெட்டும் முனை) சீக்கிரம் தேய்கிறது, ஸ்டோர்ஸில் ஒரு ஜோடி கையுறை வாங்க ஏன் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, நேற்று வந்த காஸ்டிங்கில் என்ன கோளாறு, எல்லாம் அங்கே அலசப்படும். தீர்வும் சேர்த்தே பேசப்படும். மறுநாள் காலையில் அதையெல்லாம் சைக்கிள் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிறார்கள்.

இதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு ஆலையில் சஜஷன் பாக்ஸ், அதாவது ஆட்கள் யோசனை எழுதிப் போடும் பெட்டி, அதன் சாவி என் பொறுப்பில் இருந்தது. ஆயுத பூஜையன்று பொட்டு வைத்துச் சுவரில் மாட்டினோம். நான் அதைத் திறந்தது அடுத்த ஆயுத பூஜைக்கு, துடைக்கும்போது. உள்ளே இரண்டு மிட்டாய்த் தாள், ஒரு பஸ் டிக்கெட், மூன்று சீட்டு. ஒன்று கேன்டீன் சாம்பாரைப் பற்றி. இரண்டாவது, ஃபர்னஸ் பக்கம் ஒரு மின்விசிறி கேட்டு, மார்ச் மாதத் தேதியோடு. வெயில் காலம் வந்து, போயும் விட்டது. மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது: 'ஆறாம் நம்பர் மெஷினில் சரிவுத் தகட்டில் விழும் பீஸ் ஒன்றோடு ஒன்று மோதி அடிபடுகிறது. பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினால் போதும்.'

அந்த வருஷம் முழுக்க அந்தப் பாகத்தில் 'டென்ட்' (அடிபட்ட பள்ளம்) ரிஜெக்‌ஷன் பற்றித்தான் மீட்டிங் போட்டுக்கொண்டிருந்தோம். சார்ட் எல்லாம் வரைந்தோம். எழுதியவரைத் தேடிப் போய், "ஏனுங்கண்ணா, நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன். "சொன்னனுங்க சார். நீங்கதான் பெட்டில எழுதிப் போடச் சொன்னீங்க" என்றார்.

அப்போ சஜஷன் பாக்ஸே வேண்டாமா?

பெட்டி இருக்கட்டும். பெட்டியைப் பதில் என்று நினைப்பதுதான் தப்பு.

டொயோட்டாவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1950-ல் அந்நிறுவனத்தின் நிர்வாகி எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டின் ரூஜ் ஆலையைப் பார்க்கப் போனார். அங்கே பார்த்ததில் சஜஷன் திட்டமும் ஒன்று. 1951-ல் அதைத் தங்கள் ஆலையில் தொடங்கினார்கள். எடுத்துக்கொண்ட யோசனை அமெரிக்காவுடையதுதான், ஆனால் நடைமுறையில் வேறு உருவம் எடுத்தது. பெரிய தொகை மிச்சமாகும் யோசனையைத் தேடுவதைவிட, ஒருவர் தன் கையெட்டும் தூரத்தில் உள்ள வேலையைத் தானே கொஞ்சம் சரிசெய்து எழுதித் தருவதற்கு மதிப்பு கொடுத்தார்கள். யோசனையைப் படிப்பது அவருடைய நேர் மேலாளர். கமிட்டிக்குப் போய் ஆறு மாதம் ஊறுவதில்லை.

நான் ஆலைகளில் சொல்லும் விதி இது ஒன்றுதான்: மூன்று வேலை நாளுக்குள் நேரில் பதில். சூப்பர்வைசரே மெஷின் பக்கம் போய் நின்று சொல்ல வேண்டும். செய்வோம் என்றோ, இந்தக் காரணத்தால் முடியாது என்றோ, இன்ன தேதிக்குள் பார்த்துச் சொல்கிறேன் என்றோ இருக்கலாம். 'முடியாது' என்ற பதிலுக்கு ஆட்கள் கோபித்துக்கொண்டு நான் அதிகம் பார்த்ததில்லை. பதிலே வராததற்குத்தான் கோபம், அதுவும் வாயால் வராத கோபம்.

படைப்பாற்றல், வியூகச் சிந்தனை என்று இரண்டு சொல்கிறார்களே, ரெண்டும் ஒண்ணா?

இல்லை. சைக்கிள் டியூப்பை ஒட்டியது படைப்பாற்றல். இந்தப் பாகத்தை நாம் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்பது வியூகம். முதலாவது கையில் இருக்கும் வேலையைப் புதுசாகப் பார்ப்பது. இரண்டாவது, எது நம்மிடம் குறைவாக இருக்கிறதோ அதை எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பது.

இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து நடந்ததைப் பார்க்க மதுரைக்குப் போனால் போதும். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் ஏராளம். அறுவை செய்யத் தெரிந்தவர்கள் கொஞ்சம். ஆக, அங்கே அரிய பொருள் கட்டடமோ கருவியோ அல்ல, அறுவை மருத்துவரின் கைநேரம். இதைப் பிடித்துக்கொண்டது வியூகம். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். ஒன்றை முடித்து மைக்ரோஸ்கோப்பைத் திருப்பினால் அடுத்தது. பரிசோதனை, அளவெடுப்பு, கண்ணைத் தயார்செய்வது போன்ற வேலைகளைக் கிராமப்புறத்திலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி செய்தால் ஏழை நோயாளிக்குக் கட்டுப்படியாகாது என்று வந்தபோது, 1992-ல் ஆரோலேப் என்று சொந்தமாகவே செய்யத் தொடங்கினார்கள்.

மெஷின் ஷாப்காரனுக்கு இது உடனே புரியும். மெஷின் ஓடும்போதே அடுத்த பீஸை லோட் செய்து வைப்பதற்குத்தானே நாம் பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸர் இரண்டு வைக்கிறோம்!

உங்கள் ஆலையில் அரிய பொருள் எது என்று சூப்பர்வைசர்களை ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். ஒருவர் மெஷின் என்பார், ஒருவர் ஆள் என்பார், ஒருவர் ஒர்க்கிங் கேபிடல் என்பார். பதில்கள் ஒத்துப்போகாத வரைக்கும் ஆளுக்கொரு திசையில்தான் இழுப்பார்கள்.

எல்லாரையும் ரூமில் உட்கார வைத்து பிரெயின்ஸ்டார்மிங் நடத்தினோம். ரெண்டு பேர்தான் பேசினாங்க. மத்தவங்க பிஸ்கட் சாப்பிட்டாங்க.

அது உங்கள் ஆட்களின் குறை இல்லை. முறையே அப்படித்தான். பிரெயின்ஸ்டார்மிங்கைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். தன் நிறுவனத்தில் 1930-களின் கடைசியில் தொடங்கி, 1953-ல் புத்தகமாகவும் எழுதினார். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தது ஒரு பக்கம், நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைக் கடைசியில் கூட்டிச் சேர்த்தது மறுபக்கம். தனித்தனியாக யோசித்தவர்களிடமிருந்து வந்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணத்தைப் பிற்பாடு, 1987-ல், டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் துருவிப் பார்த்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது தன் யோசனையை மறக்காமல் பிடித்துவைத்துக்கொள்ளவே மூளை வேலை செய்கிறது, புதுசாக எதுவும் வருவதில்லை.

நம் ஊரில் இதற்கு மேல் ஒன்று உண்டு. பெரியவர் பேசி முடித்தபின் சின்னவன் மாற்றிப் பேசினால் அது அதிகப்பிரசங்கித்தனம். மேனேஜர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மீட்டிங் அங்கேயே முடிந்தது, மிச்சமெல்லாம் தலையாட்டல்.

அதனால் எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கு நாலு துண்டுச் சீட்டு, பத்து நிமிஷம், பேச்சே கூடாது. பெயர் வேண்டாம். சீட்டுகளைக் கலந்து சுவரில் ஒட்டிய பிறகு பேச்சு. பேசும் வரிசை கடைசியாகச் சேர்ந்தவரிடமிருந்து தொடங்கட்டும், மேனேஜர் கடைசி. எழுத வராதவர் இருந்தால் மெஷின் பக்கம் கூட்டிப் போய் காட்டச் சொல்லுங்கள். கையால் காட்டுவதில் நம் ஆட்கள் கெட்டி.

தப்பைச் சொன்னால் மெமோ வருது. அப்புறம் யார் வாயைத் திறப்பாங்க?

யாரும் திறக்க மாட்டார்கள். கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைக் கணக்கெடுத்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்குத் தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களின் கணக்கில்தான் பிழை அதிகம். தோண்டிப் பார்த்தபோது புரிந்தது, அங்கே பிழையை மறைக்காமல் சொல்கிறார்கள். மற்ற இடங்களில் பிழை குறைவு இல்லை, பேச்சுதான் குறைவு. உங்கள் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் திடீரென்று சுத்தமாகிவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன், ஸ்கிராப் தொட்டியை ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

இதில் ஜப்பானிய உற்பத்திப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ சொன்ன ஒரு சம்பவம் எனக்குப் பிடித்தது. 1961-ல் ஒரு ஆலையில் சின்ன ஸ்விட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். அடிக்கடி ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 'கவனமாக இரு' என்று சொல்லிச் சொல்லிப் பயனில்லை. ஷிங்கோ செய்தது இவ்வளவுதான்: ஒரு சின்னத் தட்டு. முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வை, பிறகு அங்கிருந்து எடுத்து மாட்டு. முடிந்தபின் தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் மறந்தது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு முதலில் 'பாகா-யோகே' என்று பெயர், முட்டாளிடமிருந்து காப்பது என்று பொருள். ஒரு ஆலையில் ஒரு பெண் தொழிலாளி, 'நான் அவ்வளவு முட்டாளா?' என்று மனம் உடைந்துபோனாராம். பெயரை 'போகா-யோகே' என்று மாற்றினார்கள். கைதவறு நேராமல் காப்பது. இன்று நம் ஆலைகளிலும் அந்தப் பெயர்தான் ஓடுகிறது, ஆனால் அதை மாட்டும்போது, "இவனுங்களுக்கு இதெல்லாம் இருந்தாத்தான் சரிவரும்" என்று சொல்லிக்கொண்டே மாட்டும் இன்ஜினியர்களையும் பார்த்திருக்கிறேன்.

பரிசு கொடுத்தால் யோசனை கூடுமா?

எண்ணிக்கை கூடும். அடுத்த மாதமே 'கழிவறையில் சோப்பு வைக்கவும்' என்று ஒரே கையெழுத்தில் பதினாறு சீட்டு வரும்.

மெழுகுவர்த்திப் புதிர் என்று ஒன்று உண்டு. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு அட்டைப்பெட்டி நிறைய குண்டூசி ஆணிகள், தீப்பெட்டி. மெழுகு கீழே மேஜையில் சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். ஆணிகளைக் கொட்டிவிட்டு, பெட்டியையே சுவரில் ஆணி அடித்து, அதன்மேல் மெழுகுவர்த்தியை வைப்பதுதான் வழி. பெட்டியை ஆணி வைக்கும் பாத்திரமாக மட்டும் பார்க்கிறவருக்கு அது தோன்றாது. 1962-ல் சாம் கிளக்ஸ்பெர்க் இதைப் பணப்பரிசு வைத்துச் செய்து பார்த்தார். பரிசு என்று சொல்லப்பட்டவர்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஆணிகளை முன்பே வெளியே கொட்டிவைத்து, வழி கண்ணுக்குத் தெரியும்படி செய்தபோது மட்டும் பரிசுக்காரர்கள் முந்தினார்கள்.

அதற்காகப் பரிசே வேண்டாம் என்று முதலாளிகளிடம் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் அதற்குத்தான் காத்திருப்பார்கள். நம் ஆலைகளில் வழக்கமாகக் கொடுக்கும் ஹாட் பாக்ஸ், குக்கர் எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேரும், நல்லதுதான். ஆனால் நான் பார்த்தவரை ஆட்கள் நினைவு வைத்துக்கொள்வது வேறொன்றை. அந்தச் சைக்கிள் டியூப்புக்கு நாங்கள் பிறகு நல்ல ரப்பர் ஷீட் போட்டு எல்லா மெஷினிலும் மாட்டினோம். வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வந்தபோது விளக்கம் சொல்ல அந்த ஆபரேட்டரையே நிறுத்தினோம். துவைத்து இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் வந்திருந்தார். பத்து நிமிஷத்தில் முடிய வேண்டியதை அரை மணி நேரம் விளக்கினார்.

ஐஎஸ்ஓ, ஐஏடிஎஃப் தரச் சான்று எல்லாம் இருக்கு. வேலை முறை எழுதிவைத்த ப்ராசஸ் ஷீட்டில் இல்லாததைத் தொடக்கூடாதே?

தொடக்கூடாதுதான். வாகனத் துறையில் ஆள், மெஷின், மெட்டீரியல், முறை என்ற நான்கில் எது மாறினாலும் 4எம் சேஞ்ச் என்று பதிவு செய்ய வேண்டும். சிலவற்றுக்கு வாடிக்கையாளர் ஒப்புதலும் வேண்டும். பிரேக் பாகம் செய்கிற இடத்தில் ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாற்றினால் அது படைப்பாற்றல் இல்லை, ஆபத்து.

ஆனால் விதி சொல்வது 'எழுதி, சோதித்து, மாற்று' என்று. நாம் அதை 'மாற்றாதே' என்று படித்துக்கொண்டோம். ஒரு மெஷின், ஒரு ஷிப்ட், தனி நிறத் தொட்டியில் பீஸ்கள், தனிப் பரிசோதனை. சரியாக வந்தால் ஷீட்டைத் திருத்துங்கள், வராவிட்டால் பழையபடி. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல், தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கப்படும் டெமிங் பரிசு வாங்கியது, இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அதுதான் முதல் முறை. 2002-ல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. எழுதிவைத்த ஒழுங்கும் தொழிலாளர் பங்கெடுப்பும் சேர்ந்தே இருந்தால்தான் அந்தப் பரிசுக்காரர்கள் திரும்பியே பார்ப்பார்கள்.

டார்கெட்டே முடிக்க முடியலை. இதில் யோசிக்க நேரம் எங்கே?

3எம் நிறுவனத்தில் 1948 முதலே, ஆராய்ச்சியாளர்கள் 15 சதவீத நேரத்தைத் தாங்கள் விரும்பிய முயற்சிக்குச் செலவிடலாம் என்ற வழக்கம் உண்டு. அங்கே 1968-ல் ஸ்பென்சர் சில்வர் பலமான பசை செய்யப்போய், ஒட்டினாலும் எளிதில் பிரிந்து வரும் பசையைக் கண்டார். பயன் தெரியவில்லை. 1974-ல் ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டு விழுந்துகொண்டே இருக்கிறதே என்று எரிச்சலில் அந்தப் பசையை நினைத்தார். போஸ்ட்-இட் என்ற, ஒட்டிப் பிரிக்கும் குறிப்புச் சீட்டு அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980-ல். பசை கிடைத்து 12 வருஷம். இதைச் சொன்னால் நம் முதலாளிகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் பார்க்கிற ஆலைக்கு 15 சதவீதம் கட்டாது, நானும் கேட்கவில்லை.

நான் கேட்பது மெஷின் நிற்கும் நேரத்தை. செட்டிங் மாற்றும்போது, கரன்ட் போனபோது, மெட்டீரியல் வராதபோது. அதிலேயே யோசிக்க வேண்டிய விஷயமும் கிடைக்கும். 1969-ல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸில் டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஷிங்கோவின் குழு ஆறு மாதத்தில் அதை ஒன்றரை மணி நேரமாக்கியது. மேலிடம் 'மூன்று நிமிஷம்' என்றது. அதையும் அடைந்தார்கள். பிரஸ் நின்றபின் செய்ய வேண்டியது எது, ஓடும்போதே செய்து வைத்துக்கொள்ளக்கூடியது எது என்று பிரித்ததில்தான் பெரும்பகுதி மிச்சமானது. சமைக்க உட்காருவதற்கு முன்பே காய் நறுக்கி வைப்பது என்று எங்கள் வீட்டில் இதற்குப் பெயர்.

முதலாளியே கேட்க மாட்டார் என்றால்?

அவரிடம் யோசனையாகச் சொல்லாதீர்கள். ரூபாய் கணக்காகச் சொல்லுங்கள்.

ஒருத்தர் யோசனையை இன்னொருத்தர் தன் பெயரில் போட்டுக்கொள்கிறார்.

சூப்பர்வைசர்தானே? பெரும்பாலும் அப்படித்தான். கேட்ட அன்றே, சொன்னவர் பெயரோடு போர்டில் எழுதுங்கள். சாக்பீஸ் போதும்.

பெரிய முடிவு எடுக்கும்போது, உதாரணமாகப் புது மெஷின் வாங்கும்போது, எல்லாரும் ஆமாம் போடுகிறார்கள். பிறகுதான் 'எனக்கு அப்பவே தெரியும்' என்கிறார்கள்.

உளவியலாளர் கேரி கிளைன் சொல்லும் ஒரு பயிற்சி இதற்கென்றே செய்தது போல இருக்கும். மெஷின் வாங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது, திட்டம் படுதோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் இப்போதே எழுத வேண்டும். 'தோற்குமா?' என்று கேட்டால் அபசகுனமாகப் பேசுவானேன் என்று வாயை மூடிக்கொள்வார்கள். 'தோற்றுவிட்டது, காரணம் சொல்' என்றால் அதே ஆட்கள் மளமளவென்று எழுதுகிறார்கள். ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ்காரர் எழுதினார்: 'கேட் வழியாக மெஷின் உள்ளே நுழையவில்லை.' அளந்து பார்த்தோம். உண்மையாகவே நுழையாது.

இன்னொரு கேள்வியும் உதவும். 1985-ல் இன்டெல் நிறுவனத்துக்கு மெமரி சிப் வியாபாரத்தில் ஜப்பானியர்களோடு போட்டி போட முடியவில்லை. ஆனால் அவர்கள் வளர்ந்ததே அதில்தான், விட மனம் வரவில்லை. நிறுவனத்தை நடத்திய இருவரில் ஒருவரான ஆண்டி குரோவ், மற்றவரான கோர்டன் மூரிடம் கேட்டார்: நம்மை நீக்கிவிட்டுப் புது ஆளைப் போட்டால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் அதை நாமே செய்வோம் என்று இறங்கினார்கள். எந்தப் பாகத்தில் நஷ்டம் என்று தெரிந்தும், 'அப்பா காலத்து ஆர்டர்' என்று செய்துகொண்டிருக்கும் எத்தனையோ ஆலைகளில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். பதில் உடனே வரும். அதைச் செயல்படுத்தத்தான் வருஷக்கணக்காகும்.

சரி, நாளைக்கே ஆரம்பிக்கிறோம். முதலில் என்ன வரும்?

கேன்டீன் சாம்பார் வரும். மின்விசிறி வரும், குடிதண்ணீர் வரும், பைக் நிறுத்த நிழல் வரும். 'யோசனை கேட்டால் புகார் கொடுக்கிறார்கள்' என்று பல மேனேஜர்கள் இந்த இடத்தில்தான் கடையைக் கட்டுகிறார்கள். உங்களுக்குப் பதில் சொல்ல வருமா என்று ஆட்கள் ஆழம் பார்க்கிற வாரங்கள் இவை. சாம்பாரைச் சரிசெய்யுங்கள், விசிறியை மாட்டுங்கள், முடியாததற்கு முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லுங்கள். இரண்டாவது மாதம் போல, டீ நேரத்தில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "சார், அந்த ஆறாம் நம்பர் மெஷின்ல ஒரு சின்ன விஷயமுங்க" என்பார். கையில் இருக்கும் டீயை வைத்துவிட்டு அவரோடு போங்கள்.